ஏழு ஜாடி லேகியமும் இரண்டு பேர் முட்டிவலியும்

நெடுங்குளத்து ராஜா செங்கோடவர்மனுக்கு முட்டிவலி. இன்று நேற்று வந்ததல்ல, பத்து வருஷத்துச் சொத்து. கூடவே சோர்வு வேறு. காலையில் சபைக்கு வந்து உட்கார்ந்தால் மதியத்துக்குள் நாலு கொட்டாவி, ஐந்து முனகல்.

அரண்மனை வைத்தியர் மருதமுத்து கெட்டிக்காரர்தான், ஆனால் இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது. "மகாராஜா, தினமும் குளத்தைச் சுற்றி நடங்கள். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். நெய்ச்சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலி மெல்ல மெல்லத்தான் அடங்கும்" என்பார். எந்த ராஜாவுக்கு இது பிடிக்கும்?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சிங்காரப் பண்டிதர். கூடவே ஏழு ஜாடி லேகியம். முட்டிக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தெம்புக்கு ஒன்று. மீதி நாலும் அந்த மூன்றுக்குத் துணையாம்! "ஒரு மண்டலம், நாற்பத்தெட்டே நாள் சாப்பிடுங்கள். நடக்கவே வேண்டாம். நெய்யையும் விட வேண்டாம்" என்றார். ராஜா அவரைக் கட்டித் தழுவாத குறைதான்.

மண்டலம் முடிந்தது. சபை கூடியது.

"இப்போது எப்படி இருக்கிறது மகாராஜா?" என்று கேட்டார் பண்டிதர்.

ராஜா எழுந்து நின்றார். முகம் ஒரு கணம் கோணியது. "ம்... கொஞ்சம் தேவலை போலத்தான் இருக்கிறது."

"ஆகா! இளமை திரும்பிவிட்டது!" என்று சபையே கூவியது.

"அப்படியானால் அரண்மனை வைத்தியர் பதவியை எனக்குத் தாருங்கள். நடக்கச் சொல்லி உங்களை வதைத்த மருதமுத்து ஊரைவிட்டே போகட்டும்" என்றார் பண்டிதர்.

மருதமுத்து தலைகுனிந்து நின்றார். பாவம், முப்பது வருஷம் அந்த அரண்மனையே கதியென்று கிடந்தவர். இந்த வயதில் எங்கே போவார்?

அப்போது அமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். அவர் எழுந்தாலே சபையில் யாரோ மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"மகாராஜா, இதே லேகியத்தை ஒரு மண்டலம் சாப்பிட்ட இன்னொருவர் இங்கே இருக்கிறார். அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே."

"யாரய்யா அது?"

"நம் கொப்பையா."

ராஜா வாயில் வைக்கும் எதையும் முதலில் தின்று பார்ப்பதுதான் கொப்பையாவின் வேலை. விஷம் இருந்தால் தெரிந்துவிடுமல்லவா? ராஜா எவ்வளவு சாப்பிடுவாரோ அவ்வளவு அவரும் சாப்பிட வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம்.

கொப்பையா வந்தார். தூணுக்குத் தூண் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, அம்மாடா" என்று வந்தார்.

"உனக்கும் முட்டிவலியா?" என்றார் ராஜா.

"பதினோரு வருஷமா இருக்குதுங்க சாமி."

"லேகியம் சாப்பிட்டாயா?"

"ஏழையும் ஒரு வேளை விடலீங்க. தித்திப்புல ஒரு குறையும் சொல்ல முடியாது."

"வலி?"

"அது பாட்டுக்கு இருக்குதுங்க."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பண்டிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவன் சாதாரண உடம்புக்காரன்! என் லேகியம் ராஜ உடம்புக்கென்றே செய்தது. அங்கே வேலை செய்வது இங்கே செய்யாது!"

அம்பலவாணர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயையோ! அப்படியானால் விஷமும் அப்படித்தானே? மகாராஜாவைக் கொல்வது கொப்பையாவை ஒன்றுமே செய்யாதே! காவலே இல்லாமல் நாற்பத்தெட்டு நாள் மகாராஜா சாப்பிட்டிருக்கிறார். தெரிந்தே கொடுத்தவருக்கு என்ன தண்டனை, தளபதியாரே?"

தளபதி வாளைத் தடவினார்.

"அவசரமில்லை பண்டிதரே, யோசித்தே சொல்லுங்கள்" என்றார் அம்பலவாணர். "இரண்டு உடம்பும் ஒன்றா, வேறா?"

பண்டிதருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஒன்றுதான்! ஒன்றேதான்! மகாராஜா, சத்தியமாகச் சொல்கிறேன், என் லேகியம் யாரையும் ஒன்றுமே செய்யாது!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "வைத்தியரே, நீர் எங்கேயும் போகக் கூடாது" என்று மருதமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட எழுந்தார். "அம்மா!" என்ற முனகல் வந்தது. இந்தத் தடவை அதை அவர் மறைக்கவே இல்லை.