பதினாறு தொண்டை

ஊருக்கு வெளியே, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், கோரை மண்டிய குட்டை ஒன்று இருந்தது. மழை வந்தால் அங்கிருந்த தவளைகள் எல்லாம் பாடும். எல்லாம் என்றால் எல்லாம்தான். குரல் இருப்பது, இல்லாதது, பாதியில் பாட்டை மறந்துபோவது என்ற பேதமில்லாமல், யாரையும் கேட்டுக்கொள்ளாமல் எல்லாம் வாயைத் திறக்கும். கேட்கச் சகிக்காது. ஆனால் அந்தப் பாட்டுக்கு நிற்கத் தெரிந்திருந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தவளை பாம்பைப் பார்த்தால் கத்தி ஊரைக் கூட்டாது. அந்த இரைச்சலில் கத்தி என்ன பயன்? அது தன் பாட்டை நிறுத்திவிடும். அது நிறுத்தியதும் பக்கத்தில் இருப்பது நிறுத்தும். கண் இமைப்பதற்குள் குட்டை முழுக்க மௌனம் விழுந்துவிடும். மௌனம் விழுந்தால் யோசிக்கக் கூடாது, தண்ணீருக்குள் குதித்துவிட வேண்டும். வால் உதிர்ந்து கால் முளைத்ததும் ஒவ்வொரு தவளையும் படிக்கும் முதல் பாடம் அதுதான்.

அந்த ஓரத்தில் உட்காருபவன் பெயர் காத்தான். அவன் குரல் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி இருக்கும். பின்னங்கால் ஒன்று இழுக்கும். ஒரு ஐப்பசி மழையில் அவன் மனைவியைப் பாம்பு கொண்டுபோனது. அன்றைக்கு ஓரத்தில் யாரும் இல்லை. அதன் பிறகு காத்தான் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அவனுக்கு மிச்சம் ஒரே மகள், செவ்வந்தி. அவள் பாடினால் மற்றவர்கள் தங்கள் பாட்டை விட்டுவிட்டுக் கேட்பார்கள்.

இப்படி இருந்த குட்டைக்கு, ஒரு நாள் மண்டபத்துச் சாக்கடை நிரம்பி வழிந்தபோது, மேகராசர் வந்து சேர்ந்தார். கொழுத்த உடம்பு, கழுத்தில் இரண்டு மடிப்பு. மூன்று வருஷம் மேடைக்கு அடியில் குடியிருந்தவர். கல்யாணக் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டுத் தானும் ஒரு வித்வான் என்று முடிவு கட்டியிருந்தார். கூடவே சுருளி என்று ஓர் ஒல்லித் தவளை. தலைவர் இருமினாலும் அவன் அதற்குத் தாளம் போடுவான்.

முதல் நாள் குட்டையின் பாட்டைக் கேட்ட மேகராசர் முகத்தைச் சுளித்தார். காத்தான் ஒரு கொக்கின் நிழலைப் பார்த்து நிறுத்த, பாட்டு அறுந்து, எல்லாரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். மேகராசர் மட்டும் கரையில் நின்றார். கொக்கு நல்லவேளையாக வேறு பக்கம் போய்விட்டது.

தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "இதுக்குப் பேரு பாட்டா? நான் இருந்த இடத்துல என்ன நடக்கும் தெரியுமா? ஒருத்தர் பாடுவார். எதிர்ல ஐந்நூறு பேர் கதை பேசுவாங்க, பந்திக்கு ஓடுவாங்க, பிள்ளைய அடிப்பாங்க. கரண்ட் போகும். ஒரு தடவை பந்தல்ல தீயே பிடிச்சுது. பாட்டு நின்னுச்சா? நிக்கல. அதுதான் வித்வத்து."

"அதுதான் வித்வத்து," என்றான் சுருளி.

குட்டைத் தவளைகளுக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை காலம் தாங்கள் பாடியது பாட்டே இல்லை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பந்தலில் தீப்பிடித்தபோது கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாளே பாடகர் குழு ஒன்று அமைப்பதென்று முடிவாயிற்று. பதினாறு பேர். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு. குரல் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்களாம்.

தேர்வு துணி துவைக்கும் கல்லின் மேல் நடந்தது. பாடுகிறவர் கல்லில் நின்று, தலைவரை மட்டும் பார்த்துப் பாட வேண்டும். நடுவில் சுருளி வேப்பமரத்துப் பக்கமிருந்து ஒரு பாம்புச் சட்டையை வாயில் கவ்வி இழுத்து வருவான். அது புல்லில் சரசரவென்று நெளிந்து வரும். பாட்டை நிறுத்தியவர் போகலாம். நிறுத்தாதவருக்கு இடம்.

காத்தான் நான்காவதாக ஏறினான். சட்டை சரசரத்ததுமே நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் குதித்தான். கரையெல்லாம் ஒரே சிரிப்பு.

"யோவ், வெறும் சட்டைய்யா அது! உள்ள ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினான் சுருளி.

காத்தான் தலையை நீட்டினான். "தெரியுதுங்க. சட்டை இங்க கெடக்குதுன்னா அதைப் போட்டிருந்தது எங்க இருக்கும்னு ஒரு யோசனை."

"யோசிக்கிற தொண்டையில சுருதி நிக்காது," என்றார் மேகராசர். "அடுத்தது யாரு?"

அடுத்தது செவ்வந்தி. அவள் பாடும்போது சட்டை அவள் விரலைத் தொட்டபடி போனது. அவள் உடம்பு நடுங்கியதைக் கோரைக்குள்ளிருந்து காத்தான் பார்த்தான். குரல் நடுங்கவில்லை. மேகராசர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். முதல் வரிசையில், நடுவில், அவளுக்கு இடம் கிடைத்தது.

பிறகு ஒரு மாதம் பயிற்சி. மேகராசர் சொல்லிக்கொடுத்த வித்தைகளில் பெரியது ஒன்று உண்டு. "எல்லாருக்கும் மூச்சு வாங்கணும். அது தப்பில்ல. ஆனா ஒருத்தர் மூச்சு வாங்குற நேரம், பக்கத்துல இருக்கிறவர் அந்த இடத்தையும் சேர்த்துப் பாடணும். ஓட்டை விழுந்தது வெளிய தெரியவே கூடாது. பதினாறு தொண்டை, ஒரே குரல்! அதைக் கேட்டுட்டுத்தான் நான் சாவேன்."

மற்றபடி சட்டங்கள் சின்னவை. கண் தலைவர் மேலேயே இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பக் கூடாது. தேறாதவர்கள் கச்சேரி நேரத்தில் வாயைத் திறக்காமல் கோரைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். சுருளி தினமும் நினைத்த நேரத்தில் சட்டையை இழுத்து வருவான். முதல் வாரம் பதினாறு பேரும் அதைக் கண்டு ஒட்டி ஒடுங்கி நின்றார்கள். மூன்றாம் வாரம் அது பாட்டுக்கு நடுவே வரும் தாளக்கட்டு மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு சங்கதியும் நடந்தது. தவளையைப் பிடிக்க வரும் பாம்புக்குப் பெரிய தொல்லை அந்த மௌனம்தான். நெருங்கும்போது சத்தம் அறுந்துவிட்டால் இரை எங்கே என்று தெரியாது. இந்தக் குட்டையில் இப்போது சத்தம் அறுவதே இல்லை என்ற செய்தி வரப்பெல்லாம் பரவியது.

அரங்கேற்றம் ஒரு முகூர்த்த நாளில். மண்டபத்தில் கல்யாணம், வானத்தில் மேகம். மனிதர்களும் கேட்பார்கள் என்று மேகராசருக்கு ஆசை. அன்று காலை காத்தான் மகளிடம் போனான்.

"நான் ஓரமா உக்காந்துக்கிறேம்மா. பாடல. சும்மா உக்காந்திருக்கேன்."

செவ்வந்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேணாம்ப்பா. நீங்க வந்தா எல்லாரும் அந்தச் சட்டை விஷயத்தைத்தான் பேசுவாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"ஓரத்துல ஒருத்தன் வேணும் தாயி. உங்கம்மா அன்னிக்கு..."

"அம்மா கதையைச் சொல்லாதீங்க. ஓரம்னு ஒண்ணு இப்ப கிடையாதுப்பா. வரிசைதான் இருக்கு."

காத்தானுக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் நல்ல நாளில் எதற்கு என்று விழுங்கிக்கொண்டான். "நல்லா பாடு கண்ணு," என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு கோரைக்கு அந்தப் பக்கம் போனான்.

மத்தியானம் தூறல் விழுந்ததும் பாட்டு தொடங்கியது. அழகான பாட்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். மண்டபத்துப் பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பவுனு நிமிர்ந்து பார்த்து, "என்னடி இது, இன்னிக்கு இந்தத் தவளைங்க மூச்சே விடாம கத்துதுங்க?" என்றாள். "பெருமழை வரப்போவுது, சீக்கிரம் கழுவு," என்றாள் கூட இருந்தவள்.

மேகராசர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் வேப்பமரத்துப் பக்கமிருந்து மூன்று சாரைப் பாம்புகள் வந்தன.

கடைசி வரிசைக்காரர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சுருளி அண்ணன் சட்டையை இழுத்து வருகிறார் என்று நினைத்தார்கள். மூன்று வருகிறதே என்று ஒருவனுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. அரங்கேற்றம் அல்லவா, பரீட்சையும் பெரிதாகத்தான் இருக்கும் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டு பாடினான்.

சுருளிக்கு மட்டும் உண்மை தெரியும். பழைய சட்டை அவன் காலடியில் கிடந்தது. தலைவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தான். பாட்டுக்கு நடுவில் வாயைத் திறந்தால் தன் இடம் போய்விடும். தலைவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் வராமல் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டான்.

காத்தான் கோரைக்குள்ளிருந்து பாம்புகளைப் பார்த்தான். அவன் உடம்பு தானாக வேலை செய்தது. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் தொண்டையை இறுக்கி மௌனமானான். மௌனம் பரவும் என்று காத்திருந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. அவன் ஏற்கெனவே மௌனமாகத்தான் இருந்தான். பாடவே விடாதபோது அவன் எதை நிறுத்துவது? அவனிடம் இருந்த ஒரே எச்சரிக்கையை அவர்கள் ஒரு மாதம் முன்பே பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாம்பு!" என்று கத்தினான். "செவ்வந்தி! பாம்பு! குதிங்கடா!"

கோரைப் பக்கம் இருந்த தேறாத தவளைகள் எல்லாம் தொப்புத் தொப்பென்று தண்ணீருக்குள் விழுந்தன. குழுவில் ஒருவரும் கழுத்தைத் திருப்பவில்லை.

மேகராசர் கண்ணைத் திறக்காமலே, "தோத்தவன் வயித்தெரிச்சல். அதை அமுக்குற மாதிரி பாடுங்க!" என்றார்.

பாடினார்கள். கடைசி வரிசையில் ஒரு குரல் போனது. பக்கத்துக் குரல் அதன் இடத்தையும் சேர்த்துப் பாடியது. அதுவும் போனது. முன்னால் இருந்தவர்கள் இரண்டு பங்கு பாடினார்கள். மேகராசர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்கள். நான்காம் வரிசை முடிந்தது, மூன்றாம் வரிசை முடிந்தது, பாட்டில் ஓட்டை விழவில்லை.

காத்தான் காலை இழுத்துக்கொண்டு கரையோரமாகத் தத்தினான். இத்தனை நாள் குட்டையைப் பாதுகாத்த உடம்பு, இப்போது எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று அவனுக்கு அழுகை வந்தது. துணி துவைக்கும் கல் தெரிந்தபோது இரண்டாம் வரிசையும் காலியாகியிருந்தது. முதல் வரிசையில் மகளின் இரண்டு பக்கமும் வெற்றிடம்.

"தாயி, நிறுத்து! நிறுத்தும்மா!"

செவ்வந்தியின் கண் ஒரு நொடி அவன் பக்கம் வந்தது. நடுச்சபையில், சேறும் சகதியுமாக, நொண்டிக்கொண்டு ஓடிவரும் அப்பாவைப் பார்த்தாள். அவமானத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பக்கத்துக் குரல்கள் மூச்சு வாங்குகின்றன, தான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருப்பாள். இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, பதினாறு பேருக்கும் சேர்த்துப் பாடினாள். அந்தக் குட்டையில் அப்படி ஒரு குரல் அதற்கு முன் எழுந்ததில்லை.

மேகராசரின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "இதுதான்! இதுக்குத்தான் இத்தனை நாள் உயிரைக் கொடுத்தேன். பதினாறு தொண்டை, ஒரே குரல்!"

பாட்டு நின்றது.

மேகராசருக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்து, "எவன்டா நிறுத்தினது?" என்று கேட்டார். அவர் எதிரில் இருந்தவை மூன்றும் பதில் சொல்லும் ஜாதி இல்லை.

மண்டபத்துப் பின்வாசலில் பவுனு கையை உதறிக்கொண்டு, "அப்பாடா, ஒருவழியா ஓஞ்சுதுங்க," என்றாள்.

குட்டை முழுக்க மௌனம் விழுந்திருந்தது. அதன் அர்த்தம் காத்தானை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தது. கால் முளைத்த நாளிலிருந்து படித்த பாடம் அது. முதல்முறையாக, அவன் குதிக்கவில்லை.