குவைத்தில் விழுந்த ஓட்டை

கடலோரப் பள்ளிக்கூடத்துக்கு வந்த கல்வி அதிகாரி, சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்துச் சீறினார். குவைத் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை.

"யார் கிழிச்சது? பேரைச் சொல்லலைன்னா டீச்சருக்கு மெமோ."

மூன்றாம் வகுப்பு சபூரா எழுந்தாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவைப் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

"சொல்றேன் சார். உங்க வீட்டுல யாராச்சும் வெளிநாட்டுல இருக்காங்களா?"

"என் மகன். கனடாவுல பெரிய வேலை," என்றார் மிடுக்காக.

"அது எங்க சார் இருக்கு?"

அதிகாரி விரல் வைத்துக் காட்டினார். காட்டிய விரல் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது. "அவன் வந்துதான் ரொம்ப நாளாச்சு," என்றார் தணிந்த குரலில்.

"எங்க எல்லாரோட அத்தாவும் குவைத்துலதான் இருக்காங்க," என்றாள் சபூரா. "இப்படித் தடவித் தடவித்தான் சார் கிழிஞ்சுச்சு."