மாசிலாமணி பெண் பார்க்கப் போன வண்டி

கோணலூரில் கெட்டவர் என்று யாரும் கிடையாது. மூளையைத்தான் கொஞ்சம் சிக்கனமாகச் செலவழிப்பார்கள்.

அந்த ஊர் மாசிலாமணியிடம் ஒரு பைக் இருந்தது. அது விட்டு விட்டு ஓடும். போகிற போக்கில் லைட், ஹார்ன், எஞ்சின் எல்லாம் ஒரேயடியாக அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே உயிர் வரும்.

இந்த வண்டியால் இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. முதல் பெண் வீட்டார் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, பஜ்ஜியை அவர்களே தின்றுவிட்டார்கள். இரண்டாவது வீட்டில், இவன் போய்ச் சேர்வதற்குள் வேறொரு மாப்பிள்ளை வந்து தட்டே மாற்றிவிட்டான். மூன்றாவது பெண் ஆலங்குண்டு வடிவு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று மாசிலாமணி வியாழக்கிழமை முழுக்க வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் பைக் வாசலிலேயே அடங்கிவிட்டது. கூட்டாளிகள் கொண்டல்சாமியும் இருளப்பனும் ஓடி வந்தார்கள். டவுனில் இருக்கும் மெக்கானிக் தேவசகாயத்துக்குப் போன் போட்டார்கள்.

"ஃபியூஸ் போயிருக்கான்னு பாருங்க."

இருளப்பன் சீட்டைக் கழற்றிப் பார்த்தான். "எங்கயும் போகலண்ணே. இங்கனதான் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்போ எங்கயோ ஒரு லூசு இருக்கு. அது எதுன்னு கண்டுபிடிங்க, வண்டி சரியாயிரும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரா இருந்தாலும் ஒத்துக்கிடுங்கப்பா," என்றான் கொண்டல்சாமி. "ஒருத்தன் கல்யாண விஷயம்."

இருளப்பன் கண் கலங்கிவிட்டான். "நானாத்தான் இருக்கும். எங்கம்மா சின்ன வயசுலேருந்து சொல்லுது."

அவனைத் தெருக்கோடி வரைக்கும் போகச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்கள். கிளம்பவில்லை. "அவன் இல்லை," என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அடுத்து கொண்டல்சாமி போனான். கிளம்பவில்லை. கடைசியில் மாசிலாமணி போய் நின்றான். அப்போதும் கிளம்பவில்லை. மூன்று பேருக்கும் பெரிய நிம்மதி.

மறுபடியும் போன். தேவசகாயம் இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "எர்த் பாடியில சரியாப் படலை. பாடியை நல்லாச் சுரண்டிட்டு, எர்த்தை இறுக்கமாக் கொடுங்க."

கொண்டல்சாமி தூத்துக்குடியில் ஒரு மாசம் இருந்தவன், இங்கிலீஷ் தெரியும். "எர்த்துன்னா மண்ணு. பாடின்னா உடம்பு."

"யாரு உடம்பு?" என்றான் மாசிலாமணி, லேசான கவலையோடு.

"வண்டி யாருது?"

தேங்காய் நாரால் அவனைச் சுரண்டினார்கள். பிறகு செம்மண்ணா கரிசலா என்று வெகுநேரம் யோசித்து, கரிசல்தான் ஒட்டும் என்று முடிவுசெய்து, குழைத்து இறுக்கமாகப் பூசினார்கள். பூசி முடித்து உதைத்ததும் வண்டி குபுகுபுவென்று கிளம்பியது! வேப்பமரம் வரை போய் அடங்கியது.

"இப்போ எங்க நிக்குது?" என்று போனில் கத்தினார் தேவசகாயம்.

"வேப்பமரத்துக்கிட்ட."

"எங்கெங்க நிக்குதுன்னு பாருங்கய்யா! அங்கதான் கோளாறு!" என்று சொல்லி, போனை அணைத்துவிட்டார்.

அப்போதுதான் மாசிலாமணிக்கு வெளிச்சம் பிறந்தது. கோளாறு வண்டியில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. அதுவும் ஆலங்குண்டு ரோட்டில் இந்த வண்டி நிற்காத இடமே கிடையாது. ரோட்டைத் தொடாமல் போவதற்கு ஒரே வழிதான் இருந்தது.

இரண்டு மூங்கிலைக் கட்டி, வண்டியைத் தோளில் தூக்கினார்கள். முன்னால் கொண்டல்சாமி, பின்னால் இருளப்பன். தூக்கிக்கொண்டு போனாலும் ஹேண்டில் பிடிக்க ஆள் வேண்டுமே? மாசிலாமணி மேலே ஏறி உட்கார்ந்தான்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆலங்குண்டு போய்ச் சேர்ந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்று, மண் பூசிய மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"வர்ற வழியில வண்டி நின்னுபோச்சோ?"

மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தினான். "ஒரு இடத்துலகூட நிக்கலை மாமா."

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடங்கவே இல்லை. காப்பி கொண்டுவந்த வடிவு, தம்ளரெல்லாம் தளும்பிச் சிந்தும்படி சிரித்தாள். "வாழ்நாள் பூரா பொழுது போயிரும்பா, சரின்னு சொல்லிருங்க," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மாசிலாமணியின் முகத்து மண் சந்தோஷத்தில் விரிசல் விட்டது.

விடைபெறும்போது வடிவு வண்டிக்கு அருகே வந்து, பேட்டரியில் தொங்கிக்கொண்டிருந்த எர்த் ஒயரைப் பார்த்தாள். திருகி முடுக்கினாள். ஒரு உதை. எஞ்சின் ஜம்மென்று ஓட ஆரம்பித்தது.

மூன்று பேருக்கும் வாயெல்லாம் பல். ரோட்டில் பட்டால் எஞ்சின் அணைந்துவிடப் போகிறதே என்று, மாசிலாமணியை மேலே ஏற்றி அவசர அவசரமாகத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சக்கரம் அந்தரத்தில் கிறுகிறுவென்று சுற்ற, ஊர் எல்லை மேடு வந்தது. கொண்டல்சாமிக்கு மூச்சு வாங்கியது.

"ஏலே மாசிலாமணி, ஏத்தம் வருது. கியரைக் குறை, தோள்பட்டை கடுக்குது."

மாசிலாமணி கியரைக் குறைத்தான்.

"ஆங், இப்போ சும்மா இழுக்குது பாரு!" என்றான் இருளப்பன் பின்னாலிருந்து.