மரவட்டையைத் தொட்டா ஏன் சுருண்டுக்குது?

பூச்சிங்க எல்லாம் வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்த அந்தக் காலத்துல, பெரிய சுமைதூக்கி யாருன்னா மரவட்டைதான். எத்தனை கால்! எவ்வளவு ஏத்தினாலும் அசராது. மழைக்கு முன்னாடி எல்லாரோட தானியத்தையும் மேட்டுல சேர்த்தாகணும். அதிகமா சேர்க்கிறவங்களுக்குப் புளியமரத்து வேருக்கடியில நனையாத பொந்து ஒண்ணு பரிசு. வருஷா வருஷம் அது மரவட்டைக்குத்தான்.

அந்த வருஷம் சாணிவண்டு என்ன பண்ணுச்சு தெரியுமா? தூக்கவே இல்ல! தானியத்தைச் சாணியில பொதிஞ்சு, உருண்டையா பிடிச்சு, பின்னங்காலால தள்ளுச்சு. அது பாட்டுக்கு ஓடுது!

"அடியே, எப்படிடீ இது?" எறும்புங்க வாயைப் பொளந்துச்சுங்க.

"சப்பையா பிடிச்சேன், நின்னுடுச்சு. நீளமா பிடிச்சேன், கோணிக்கிச்சு. வட்டமா பிடிச்சா நிக்கவே மாட்டேங்குதுக்கா!"

மரவட்டைக்குப் பொறாமை பத்திக்கிச்சு. 'இத்தனை கால் எனக்கு. ஆறு காலை வச்சுக்கிட்டு இவ ஜெயிக்கிறாளே! என் பொந்து போயிடுமே!' வண்டு சிரிச்சாலும் கடுப்பு, சும்மா போனாலும் கடுப்பு.

பரிசு சொல்ற அன்னிக்கு, ராணி எறும்பு வாயைத் திறக்கிறதுக்குள்ள மரவட்டை முந்திக்கிச்சு.

"வட்டத்தைக் கண்டுபிடிச்சதே நான்தான் தாயி. என்னைப் பார்த்துத்தான் இவ கத்துக்கிட்டா."

"அண்ணே! எப்போண்ணே?" வண்டு பதறிப்போச்சு.

"எங்கே, செஞ்சு காட்டு," ராணி கேட்டுச்சு.

வேற வழி? மரவட்டை தலையை உள்ள செருகி, அத்தனை காலையும் மடக்கி, சக்கரமா சுருண்டு சரிவுல ஒரு ஓட்டம் ஓடுச்சு பாருங்க! ஒரே கைதட்டல்.

"சாணி நாத்தமே இல்லாம என்னா பளபளப்பு!"

"வட்டமே இவனோடதுன்னா, அதால சேர்ந்த தானியமும் இவன் கணக்குதான்"னு ராணி சொல்லிடுச்சு; பொந்து மரவட்டைக்குப் போயிடுச்சு. வண்டு திரும்பி நின்னு, உருண்டையைத் தள்ளிக்கிட்டுப் போயிடுச்சு.

மரவட்டை பொந்துல போய்க் காலைக்கூட நீட்டல, அதுக்குள்ள ஒரு எறும்பு முதுகைத் தட்டுச்சு. "அண்ணே, இன்னொரு வாட்டி காட்டுங்கண்ணே!" காட்டலேன்னா பொய் தெரிஞ்சுடுமே! சுருண்டுச்சு. நிமிர்றதுக்குள்ள அடுத்த எறும்பு. மறுபடியும் சுருண்டுச்சு.

சாணிவண்டு இன்னிக்கும் உருட்டிக்கிட்டுத்தான் இருக்கு, அதை யாரும் காட்டச் சொல்றதில்ல. மரவட்டைக்குத்தான் அன்னைலேர்ந்து இந்தப் பாடு: யார் விரல் பட்டாலும், 'நிஜமா நீதான் கண்டுபிடிச்சியா?'ன்னு கேட்க வந்துட்டாங்கன்னு பயந்து, உடனே சுருண்டு காட்டிடுது.