மாப்பிள்ளை ஏறிய ஆமை

குளக்கரை ஆலமரத்து அணில் பூவரசிக்குக் கல்யாணம். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளையைக் காணோம்.

மாப்பிள்ளை ஓடிப்போகவில்லை. ஓடியிருந்தால் எப்போதோ வந்து சேர்ந்திருப்பான். அவன் ஆமையில் வந்துகொண்டிருந்தான்.

அணில் எதற்கு ஆமையில் வர வேண்டும் என்று கேட்கிறீர்களா? பூவரசியும் அதைத்தான் கேட்டாள். நிச்சயதார்த்தத்தன்று, எல்லார் முன்னாலும் கேட்டாள். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார்.

எல்லாம் காட்டின் தலைவர் உடும்பால் வந்த வினை. ஒருநாள் அவர் காலில் முள் குத்தியது. வலி தாங்காமல் ஓர் ஆமையின் முதுகில் ஏறி வந்தார். பாவம், அதில் தப்பில்லை. ஆனால் முள்ளை எடுத்த பிறகும் அவர் இறங்கவில்லை. மேலே உட்கார்ந்து வருகிறவரைப் பார்த்து எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்தச் சுகம் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அவரைப் பார்த்து முயல் ஓர் ஆமை பிடித்தது. முயலைப் பார்த்து நரி. நரியைப் பார்த்து மயில். தினம் ஒரு கட்டுக் கீரை போட்டால் போதும், ஆமை வீட்டு வாசலில் வந்து நிற்கும். கொஞ்ச நாளில் ஆமை இல்லாத வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு மரம் ஏறத் தெரியுமா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சொந்தமாக ஆமை இருக்கிறதா, ஓட்டில் பளபளப்பு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

தினமும் காட்டிலிருந்து குளத்துக்குப் போய்வரும் கார்மேகம் என்ற எருமையைச் சீந்த ஆளில்லை. அதன் முதுகில் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். "எருமையில போறதா? நம்ம கௌரவம் என்ன ஆவுறது?" என்றார்கள்.

அன்று காலை பூவரசி கழுத்தில் மாலையோடு காத்திருந்தாள். ஒற்றைப் பனையின் உச்சிக்குச் சூரியன் வருவதற்குள் மாலை மாற்றியாக வேண்டும். தவறினால் மழைக்காலம் முடியும்வரை நல்ல நாளே கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. "பொண்ணுக்கு ராசி இல்லை, அதான் முகூர்த்தம் தவறிப்போச்சு" என்பார்கள். மெதுவாக வந்தது ஆமை. ராசி இல்லாமல் போவது மட்டும் பெண்ணுக்கு! இதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வால் விடைக்க, அவள் ஆலமரத்தின் உச்சிக்குத் தாவினாள்.

"கல்யாணப் பொண்ணு மரம் ஏறலாமா?" என்று கீழேயிருந்து பதறினார் அப்பா.

"நாம அணில், அப்பா."

உச்சியிலிருந்து பார்த்தால் வழி முழுக்க ஆமை. ஓட்டோடு ஓடு உரச ஒரே நெரிசல். அதன் நடுவில், ஓர் அணில் ஒரே மூச்சில் ஓடிவிடும் தூரத்தில், தலையில் பூச்சூடிக்கொண்டு மாப்பிள்ளை நாவலன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஆமையில் அவன் அம்மா இலுப்பையம்மா.

பூவரசி யோசிக்கவில்லை. கிளைக்குக் கிளை தாவினாள். ஆமைகள் பாதை முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தனவே தவிர, மேலே கிளைகளெல்லாம் காலியாகத்தான் கிடந்தன. மூச்சு வாங்குவதற்குள் மாப்பிள்ளையின் தலைக்கு மேலிருந்த கிளையில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்போ புறப்பட்டீங்க?" என்றாள்.

நாவலன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "விடியறதுக்கு முன்னாடியே."

"இப்போ எங்கே இருக்கீங்க?"

அவன் சுற்றிப் பார்த்தான். "எங்க வீட்டு மரம் இங்கிருந்து தெரியுது" என்றான் மெதுவாக.

"இறங்கி மரத்தில ஏறுங்க. ரெண்டு பேரும் தாவிப் போயிடலாம். உங்களுக்கு மரம் ஏறத் தெரியும்தானே?"

"தெரியும்."

"கடைசியா எப்போ ஏறினீங்க?"

"ஆமை வாங்கறதுக்கு முன்னாடி."

அவனைச் சுமந்த ஆமையின் பெயர் சாவதானம். அது கழுத்தை நீட்டிச் சிரித்தது. "என்னையும் சேர்த்துக் கேளும்மா. குளத்துக்குப் போய்த் தண்ணி குடிச்சே நாளாச்சு. எனக்கு முன்னாடி ஆமை, பின்னாடி ஆமை. நாங்க கூட இவ்வளவு மெதுவா போனதில்லை."

இதற்குள் இலுப்பையம்மா பார்த்துவிட்டாள். "நாவலா, உட்காரு! மாப்பிள்ளைன்னா ஆமையில வந்து இறங்கணும். குரங்கு மாதிரி கிளையில தொங்கிட்டு வந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"எந்த நாலு பேர், அத்தை?"

"எந்த நாலு பேரா? நாலு பேர்னா நாலு பேர்தான்."

"அவங்க வேற எங்கேயும் இல்லை, அத்தை. இங்கேதான் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கேட்டுடலாம்."

பூவரசி கிளையின் நுனிக்கு வந்தாள். முன்னால் மயில் தோகையைப் பரப்பிக்கொண்டு இரண்டு ஆமைக்கான இடத்தை அடைத்திருந்தது. அதன் பக்கத்தில் காக்கை. பின்னால் காடை, அதன் ஐந்து குஞ்சுகளும் ஆளுக்கோர் ஆமைக்குட்டியில். ஓரமாக மரநாய்.

"காக்கா அண்ணே, உங்களுக்குத்தான் றெக்கை இருக்கே. பறந்து போகக் கூடாதா?"

"இருக்கு" என்றது காக்கை. "ஆமையும் இருக்கே. தினம் கீரை போட்டு வளர்க்கிறேன், சும்மா கட்டி வைக்கவா? அதோட மயில் ஆமையில வருது. நான் பறந்தா வக்கில்லாதவன்னு நினைக்காதா?"

"நான் எங்கே நினைச்சேன்?" என்று மயில் சீறியது. "காக்காவே ஆமை வச்சிருக்கு. நான் காலால நடந்தா என் தோகைக்கு என்ன மரியாதைன்னுதான் நானே ஏறினேன்."

"நான் மரநாய் அண்ணனுக்குப் பயந்து ஏறினேன்" என்றது காடை. "பசங்களை நடக்கவிட்டா ஏளனமாப் பார்ப்பாரோன்னு."

மரநாய் வெட்கத்தோடு மீசையைத் துடைத்துக்கொண்டது. "நான் உங்க மூணு பேருக்காகத்தான் ஏறினேன். எனக்கு ஆமைன்னாலே குமட்டும்."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, இப்போ சொல்லுங்க" என்றாள் பூவரசி. "இந்த மாப்பிள்ளை இறங்கித் தாவிப் போனா என்ன சொல்லுவீங்க?"

"மகராசனாப் போகட்டும்னு சொல்லுவேன்" என்றது மயில். "எனக்குத் தோகையை அசைக்கவாவது இடம் கிடைக்கும்."

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஆமையொன்றில் சாய்ந்திருந்த உடும்புத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "யாரும் பதற்றப்பட வேண்டாம். நாளைக்கே யானையைக் கூப்பிட்டு இந்த வரிசை மரத்தையும் சாய்ச்சிடறேன். வழி அகலமாயிடும். நெரிசல் தீர்ந்தது."

அவர் காட்டியது பூவரசி உட்கார்ந்திருந்த மரத்தை.

"போன வருஷமும் அதையேதானே சொன்னீங்க, தலைவரே? அப்போ ரெண்டு ஆமை போற வழி. மரத்தை வெட்டி நாலு ஆமை போற வழியாக்கினீங்க. வழி இருக்கேன்னு இன்னும் நாலு பேர் ஆமை வாங்கினாங்க. இப்போ எட்டாக்குவீங்க. அப்புறம் குளத்தைத் தூர்ப்பீங்களா?" என்றாள் பூவரசி.

"சின்னப் பொண்ணு, உனக்கு விவரம் பத்தாது. ஆமை பெருகுதுன்னா காடு முன்னேறுதுன்னு அர்த்தம்."

"முன்னேறுதா? காலையிலேருந்து ஒரு அடிகூட முன்னேறலையே, தலைவரே."

மரநாய் முதலில் சிரித்தது. பிறகு காக்கை. சாவதானம் ஓடு குலுங்கச் சிரித்ததில் நாவலனும் சேர்ந்து குலுங்கினான்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. கால் ஒடிந்த கீரி மாமா, குளத்து நாரை வைத்தியரைப் பார்க்க எருமை கார்மேகத்தின் முதுகில் ஏறிப் புறப்பட்டிருந்தார். எருமையும் நின்றுபோய்விட்டது. மேலே வலி, கீழே அசையாத ஆமைக்கூட்டம்.

நாவலன் திரும்பிப் பார்த்தான். கீரியின் வீங்கிய காலைப் பார்த்தான். தன்னுடைய நாலு நல்ல கால்களைப் பார்த்தான். பிறகு ஓட்டிலிருந்து குதித்துவிட்டான்.

"நாவலா!" என்று அலறினாள் இலுப்பையம்மா.

"வழி விடறேன், அம்மா. வேற ஒண்ணும் இல்லை."

மரத்தில் பாய்ந்தான். சறுக்கினான். பழக்கம் விட்டுப்போன நகங்கள். மறுபடியும் பாய்ந்தான், தலையில் சூடியிருந்த பூ கீழே விழுந்தது. மூன்றாம் முறை மூச்சிரைக்கக் கிளையில் வந்து உட்கார்ந்தான்.

"பரவாயில்லை, ஏறிட்டீங்க" என்றாள் பூவரசி.

அதைப் பார்த்ததும் காக்கைக்கு ரோஷம் வந்தது. றெக்கையை உதறிக்கொண்டு பறந்தது. அது பறந்ததும் மயில் இறங்கியது. மயில் இறங்கியதும் மரநாய் அடுத்த மரத்துக்குத் தாவியது. அவர்கள் இறங்கவும் வரிசையாக ஒவ்வொருவரும் இறங்கினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏறினவர்கள்தானே, இறங்கினதும் அப்படியேதான். பாரம் இறங்கிய ஆமைகள் ஓரத்துப் புல்லுக்குள் நுழைந்தன. கார்மேகம் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தது.

"நான் எப்படி வர்றது?" என்று இலுப்பையம்மா கண்கலங்கினாள். "இந்த முழங்காலை வச்சுக்கிட்டு மரம் தாவ முடியுமா?"

பூவரசிக்கு முதல்முறையாக மாமியார்மேல் இரக்கம் வந்தது. இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். "முடியாது, அத்தை. உங்களுக்கு வாகனம் வேணும், நான் இல்லைன்னு சொல்லலை. கார்மேகத்துல ஏறுங்க. கீரி மாமாவும் துணைக்கு இருக்கார்."

"எருமையிலயா? சம்பந்தி வீட்டு வாசல்லயா?"

காடை ஐந்து குஞ்சுகளையும் அணைத்துக்கொண்டு எருமை முதுகில் ஏறி உட்கார்ந்தது. "இடம் இருக்கு, வாங்க" என்றது. காடையே ஏறிவிட்ட பிறகு இலுப்பையம்மாவுக்கு என்ன தயக்கம்? அவளும் ஏறினாள். பாதி வழியில், "காத்து நல்லா வருதே" என்று கீரியிடம் சொன்னாளாம்.

பனை உச்சியைச் சூரியன் தொட இன்னும் கொஞ்சம் இருந்தபோது மாலை மாற்றியாயிற்று. கீரிக்கு நாரை வைத்தியர் கட்டுப் போட்டார். பெண்ணுக்கு ராசி இல்லை என்று சொல்ல வாய் திறந்த ஒரு பெருச்சாளியை இலுப்பையம்மாவே முறைத்து உட்கார வைத்தாள்.

உடும்புத் தலைவர் மட்டும் ஆமையிலிருந்து இறங்கவில்லை. வழியெல்லாம் காலியாகத்தான் கிடந்தது. இருந்தாலும் ஆமை ஆமைதானே? அவர் வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். யானையைக் கூப்பிடும் பேச்சை எடுத்தார். "எந்த நெரிசலுக்கு, தலைவரே?" என்று வாயைத் துடைத்துக்கொண்டே எல்லாரும் கேட்டார்கள்.

நாலு பேர் மெச்ச வேண்டும் என்று ஆளுக்கொரு வாகனத்தில் ஏறினால், அந்த நாலு பேரோடு சேர்ந்து நாமும் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.