பத்து முறை கேட்டவர்களுக்குப் பத்துப் பிரம்படி

வெகு காலத்துக்கு முன்னால், மழைக்கும் நெல்லுக்கும் குறைவில்லாத ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் பக்கத்து வீட்டில் எதைப் பார்த்தாலும் அது தன் வீட்டிலும் வேண்டும் என்கிற குணம் அவனுக்கு உண்டு. அரசனுக்குப் பக்கத்து வீடு என்றால் பக்கத்து நாடு.

அந்த நாட்டு அரசன் குலசேனனின் மகள் திருமணத்துக்கு மகுடவர்மன் போயிருந்தான். விருந்து முடிந்ததும் ஒரு மாணவன் சபை நடுவில் வந்து நின்று, இருநூறு பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மகுடவர்மனுக்கு மட்டும் சாப்பிட்ட பாயசம் நெஞ்சிலேயே நின்றது. ஊர் திரும்பிய கையோடு சபையைக் கூட்டினான்.

அவன் அரண்மனையில் ஒரு மருத்துவப் பாடசாலை இருந்தது. பன்னிரண்டு பேர் படித்தார்கள். ஞானமூர்த்திப் பண்டிதர் தலைமை ஆசிரியர். அவரைப் பார்த்து அரசன் சொன்னான்:

"நாற்பது நாளில் குலசேனன் நம் விருந்தாளியாக வருகிறான். அதற்குள் மூலிகை நூலின் முந்நூறு பாட்டும் நம் மாணவர் தலையில் ஏறியிருக்க வேண்டும்."

சபையில் உலகளந்தான் என்று ஒரு விகடகவி இருந்தான். பெயர்தான் அப்படி, ஆள் வளர்ந்தது நாலடி. அவன் எழுந்துபோய் மூலிகை நூலின் ஓலைக்கட்டைத் தூக்கிவந்து, ஒரு முக்காலியில் ஏறி, பண்டிதரின் தலைப்பாகை மேல் வைத்தான். "ஏறிவிட்டது, மகாராஜா" என்றான். அரசன் சிரித்தான், சபையும் சிரித்தது. பண்டிதர் சிரிக்கவில்லை. அவர் மணிக்கணக்கில் செய்யும் பிரசங்கத்தில் கொட்டாவி விடும் அரசன், இந்தக் குள்ளனின் ஒரு வார்த்தைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறானே என்ற எரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு. சிரிப்பு அடங்கியது. கட்டளை மாறவில்லை.

மறுநாளே பாடசாலை சிறைச்சாலை ஆயிற்று. கோழி கூவுமுன் எழுப்பிவிடுவார்கள். எழுந்ததிலிருந்து ஒரே ஓலையை ஒரே ராகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. மூலிகைத் தோட்டத்தின் கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று, செடியைப் பார்ப்பது நேரத்தை வீணாக்குவதாம். யாராவது கண் அசந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்க ஒரு சேவகன். ஆறு நாள் இப்படிக் கத்தியும் ஒருவருக்கும் பாட்டு மனதில் நிற்கவில்லை. பிள்ளைகளுக்குத் திமிர் என்று பண்டிதர் அரசனிடம் முறையிட்டு, முத்திரை போட்ட ஓர் உத்தரவை வாங்கிவந்து சுவரில் தொங்கவிட்டார்.

ஒன்பதாம் நாள் உலகளந்தான் பாடசாலைக் கிணற்றுப் பக்கமாகப் போனபோது, பொன்னுருவி என்ற மாணவி ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருத்துவச்சி ஒருத்தியின் மகள். தாயோடு போய் நாலு பிரசவம் பார்த்த கை அது. இப்போது விரலை மடக்க முடியாமல் வீங்கியிருந்தது. என்னம்மா என்று கேட்டான். அவள் அழவில்லை. அவளுக்கு ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது.

"வாசிக்கும்போது எல்லாம் தெரியற மாதிரிதாங்க இருக்கு. ஓலையைக் கீழ வெச்சா ஒண்ணுமே இல்ல. என் தலையில ஓட்டை இருக்குன்னு பண்டிதர் ஐயா சொல்றாரு. இருக்குமாங்க?"

உலகளந்தான் பாடசாலைக்குள் போய்ச் சுவரில் தொங்கிய உத்தரவை ஓர் எழுத்து விடாமல் படித்தான். அவனுக்குக் காது மடல் சூடேறியது. பிள்ளையின் கையைப் பழுக்கவைத்துவிட்டு, தலையில் ஓட்டை என்று அந்தப் பிள்ளையையே நம்பவும் வைத்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று பொருமினான்.

மறுநாள் காலை சபை கூடியது. வழக்கம்போலக் கட்டியங்காரன் மருதன் முன்னால் வந்து அரசனின் மெய்க்கீர்த்தியை முழங்கினான். "அலைகடல் காவலன், ஆனைப்படை வேந்தன், இடிமுரசு கொண்டோன்" என்று தொடங்கி இருபத்து நான்கு அடி. ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் நடப்பது. அவன் முடித்ததும் உலகளந்தான் எழுந்தான். பாடசாலைச் சுவரில் ஓர் உத்தரவு தொங்குகிறது, அது சபைக்கும் பொருந்துமா என்று அறிய விரும்புவதாகச் சொன்னான். படி, கேட்கலாம் என்றான் அரசன்.

"அரண்மனைக்குள் ஒன்றைப் பத்து முறை கேட்டும், கேட்டதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லாதவர் எவராயினும், அவருக்குப் பத்துப் பிரம்படி."

"அரண்மனைக்குள் போட்ட சட்டம் அரண்மனையில் இருக்கிற எல்லோருக்கும்தான். இதில் என்ன சந்தேகம்?" என்றான் அரசன்.

உலகளந்தான் பாடசாலைப் பிரம்பைத் துண்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தான். இப்போது முழங்கிய மெய்க்கீர்த்தியைச் சபையில் இருப்பவர்கள் பத்து முறை அல்ல, மூவாயிரம் முறைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள், முதலில் பண்டிதர் திருப்பிச் சொல்லட்டும் என்றான்.

பண்டிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். மூன்றாம் அடி வரை கம்பீரமாக வந்தது. நாலாம் அடியில் குரல் இறங்கியது. அடுத்து ஒன்பதாம் அடிக்குத் தாவி, அங்கிருந்து மறுபடி இரண்டாம் அடிக்கு வந்து நின்றார். சேனாதிபதியைக் கேட்டார்கள். அவர் தான் வென்ற கோட்டைகள் வரும் இடத்தை மட்டும் சொன்னார். மந்திரி, தலை நினைவில்லை, வால் நினைவிருக்கிறது என்றார். மற்றவர்கள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அரசனுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அவன் உதடு மெல்ல அசைவதைச் சபை பார்த்தது. ஆறாம் அடிக்கு மேல் அவனுக்கும் ஓடவில்லை. அதுவும் தன்னுடைய புகழ்.

பண்டிதர் சுதாரித்துக்கொண்டார். "கேட்கிறவருக்கு மட்டும் தெரியுமோ?" என்றார்.

"தெரியாது, ஐயா. அதனால் முதல் அடி எனக்கு" என்று சொல்லி உலகளந்தான் கையை நீட்டினான். பிரம்பைப் பண்டிதரிடமே கொடுத்தான். "அடியுங்கள். எனக்கு அடுத்து நீங்கள். அதற்கடுத்து யார் யார் என்று சட்டமே சொல்கிறது."

சபை அரசனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது. அரசனின் முகம் சிவந்தது. தன்னை அவமதிக்கவா இந்த விளையாட்டு என்று கேட்டான்.

"விளையாட்டு இல்லை, மகாராஜா. இந்தச் சபையில் நூறு பேர் ஒன்பது வருடம் கேட்டும் ஒருவருக்கும் வராதது, பத்துத் தடவையில் வரவில்லை என்று ஒரு பெண்பிள்ளையின் கையை அடித்துப் பழுக்கவைத்திருக்கிறார்கள். அந்தக் கை நாளைக்கு நம் வீட்டுப் பிரசவம் பார்க்க வேண்டிய கை. இங்கே ஒருத்தருக்கு மட்டும்தான் மெய்க்கீர்த்தி தெரியும். அவரைக் கேளுங்கள்."

எல்லோரும் மருதனைப் பார்த்தார்கள். நீ எப்படிக் கற்றாய் என்று அரசன் கேட்டான். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னது இது. முதலில் அவனும் வாசித்து வாசித்துத்தான் பார்த்தானாம், நிற்கவில்லை. பிறகு ஓலையை மடித்து வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தான், தடுக்கிய இடத்தை மட்டும் திறந்து பார்த்தான், மறுபடி மூடினான். ஒரு நாள் விட்டு, மறந்துபோகிற மாதிரி இருக்கும்போது திரும்பச் சொன்னான். ஒரே நாளில் வரவில்லை, வந்தபின் போகவும் இல்லை.

"நாம் எல்லோரும் கேட்டோம். இவர் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான் உலகளந்தான்.

அரசன் அந்த உத்தரவை வரவழைத்துக் கிழித்துப் போட்டான். ஆனால் பண்டிதர் விடவில்லை. பேசுவது சுலபம் என்றார். பன்னிரண்டு பேரில் மிகவும் மந்தம் இந்தப் பொன்னுருவிதான், மீதமுள்ள முப்பது நாளும் விகடகவியே அவளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும், மற்றப் பதினொரு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன், விருந்தாளி முன்னால் என் மாணவன் வாகீசன் வெல்வானானால் இந்த ஆள் நாட்டை விட்டே போய்விட வேண்டும் என்றார். பந்தயம் என்றால் அரசனுக்குப் பிடிக்கும். உலகளந்தானுக்குக் கோபத்தில் யோசிக்கத் தோன்றவில்லை, சரி என்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்தபின்தான் பயம் பிடித்தது. அவனுக்கு மூலிகையும் தெரியாது, பாட்டும் தெரியாது. பொன்னுருவியிடம் அதை மறைக்காமல் சொன்னான். முதல் இரண்டு நாளும் அவளைத் தூங்கச் சொன்னான், அவள் தூங்கினாள். பண்டிதரின் ஆட்கள் ஓடிப்போய் அரசனிடம் சொன்னார்கள். நாற்பதாம் நாள் பார்க்கலாம் என்றுவிட்டான் அரசன்.

மூன்றாம் நாள் தோட்டத்தின் பூட்டு திறந்தது. ஐந்தைந்து பாட்டாகப் படிப்பாள், ஓலையை மூடுவாள், அந்தச் செடி எது என்று தேடிப்போய்க் கிள்ளி முகர்ந்து பார்ப்பாள். அப்புறம் உலகளந்தானுக்கு விளக்க வேண்டும். அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாததால், ஏன், எதனால், அதையே தேனில் கொடுத்தால் என்ன என்று கேட்டுக் கேட்டு அவள் பொறுமையைச் சோதித்தான். விடை தெரியாத இடத்தில்தான் அவள் மறுபடி ஓலையைத் திறப்பாள். மறுநாள் புதுப் பாட்டு. அதற்கு மறுநாள் பழையதில் எதையாவது எதிர்பாராமல் கேட்பான்.

பிறகு அவன் தன் தொழிலை எடுத்துக்கொண்டான். தினமும் ஒரு வியாதியோடு வருவான். ஒரு நாள் நொண்டிக்கொண்டு வரும் கிழவன், இன்னொரு நாள் காது வலிக்கும் வியாபாரி. அவள் விசாரித்து மருந்து சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அங்கேயே விழுந்து, கையைக் காலை உதறி, நெடுநேரம் எடுத்துக்கொண்டு செத்துப்போவான். முதல் வாரத்தில் அவன் பதினேழு தடவை செத்தான்.

"பேதியை நிறுத்தக் குடுக்கிற மருந்தை மலச்சிக்கலுக்குக் குடுத்துட்டேன், அதானுங்களே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அவளை யாரும் அடிக்கவில்லை. அவனைக் கொன்ற தப்பை அவள் இரண்டாம் தடவை செய்யவும் இல்லை. அந்தி விளக்கு வைத்ததும் ஓலையைக் கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

நாற்பதாம் நாள் குலசேனன் வந்தான். இரண்டு நாள் பயணம், வழியெல்லாம் உபசாரம், கண்ட இடத்தில் கண்ட பலகாரம். சபையில் உட்காரும்போதே அவன் முகம் வெளிறியிருந்தது, கை வயிற்றின் மேல் இருந்தது. வாகீசன் முன்னால் வந்தான். கண் குழிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். முந்நூறு பாட்டும் இவனுக்குத் தலைகீழ்ப் பாடம் என்று பண்டிதர் அறிவித்தார். உலகளந்தானிடம் கேட்டபோது, பொன்னுருவிக்கு இருநூற்றுப் பத்துதான் வரும் என்று ஒத்துக்கொண்டான். பண்டிதர் சபையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

குலசேனன் மெதுவாகச் சொன்னான்: "ஒப்பிப்பது அப்புறம் ஆகட்டும். காலையிலிருந்து எனக்கு வயிற்றுப்போக்கு. அதற்கு என்ன மருந்து, அதைச் சொல்லுங்கள் முதலில்."

வாகீசன் கைகூப்பி, கடவுள் வாழ்த்திலிருந்து தொடங்கினான். அவனுக்கு வேறு எங்கிருந்தும் தொடங்கத் தெரியாது. வயிற்றுப்போக்கு எண்பத்தோராம் பாட்டில் இருக்கிறது. பல்வலி, தலைப்பொடுகு, சேற்றுப்புண் என்று பாட்டு வெள்ளமாக வந்தது. இருபதாம் பாட்டில் குலசேனன் நெளிந்தான். முப்பத்திரண்டாம் பாட்டில் எழுந்து, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினான். திரும்பி வந்தபோது, நடுவில் நிறுத்தப்பட்ட வாகீசன் மறுபடி கடவுள் வாழ்த்தைத் தொடங்கியிருந்தான். குலசேனன் உட்காராமலே திரும்பி ஓடினான்.

இரண்டாம் தடவை வந்தபோது பொன்னுருவி வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன சாப்பிட்டீர்கள், காய்ச்சல் உண்டா, ரத்தம் போகிறதா என்று மூன்றே கேள்வி கேட்டாள். தோட்டத்துக்கு ஓடி, மாதுளம்பழத் தோலை இடித்து மோரில் கலந்து கொண்டுவந்தாள். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு அடிக்கடி குடிக்கச் சொன்னாள். விருந்துச் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்று அரசர் என்றும் பாராமல் கண்டித்தாள். மாலைக்குள் குலசேனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்படி ஒரு பிள்ளை தன் நாட்டில் இல்லையே என்று அவன் பெருமூச்சு விட்டான்.

அந்தப் பெருமூச்சுக்காகத்தானே மகுடவர்மன் இவ்வளவும் செய்தான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு ஓய்ந்ததும், சபை மானத்தை வாங்கிய வாகீசனுக்கு என்ன தண்டனை என்று கேட்டான். உலகளந்தானுக்கு மறுபடி காது மடல் சூடேறியது.

"அவன் மேல் என்ன குற்றம், மகாராஜா? சொன்னதை எல்லாம் செய்த பிள்ளை. நாற்பது நாளாகக் கண் மூடவில்லை. தண்டிக்க ஆள் வேண்டுமென்றால், ஓலையைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை மூடிவைத்தவரைத் தேடுங்கள்."

பண்டிதர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று அரசன் கேட்டான். மீதிப் பதினொரு பேரையும் கொடுங்கள் என்றான் உலகளந்தான். கொடுத்தேன் என்றான் அரசன். பண்டிதரைக் கோயிலில் பிரசங்கம் செய்ய அனுப்பினான், அங்கே கேட்பவர்கள் எழுந்துபோக வழி உண்டு.

மறுநாள் நடுப்பகலில், புது ஆசிரியர் என்ன பாடம் நடத்துகிறார் என்று பார்க்க அரசனே பாடசாலைக்கு வந்தான். உள்ளே கால் வைத்தவன் அப்படியே நின்றான். பதினொரு பேரும் படுத்துக் கிடந்து குறட்டை விட்டார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த உலகளந்தான், சத்தம் வேண்டாம், முதல் பாடம் நடக்கிறது என்று வாயில் விரல் வைத்துக் காட்டினான். அரசன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து விகடகவிக்குப் போர்த்தினான். உலகளந்தான் அதை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே போய், பாய் கிடைக்காமல் வெறுந்தரையில் சுருண்டு கிடந்த வாகீசன் மேல் விரித்துவிட்டு வந்தான்.