ஆண் குருவியின் தொண்டை கறுத்த கதை

அந்தக் காலத்தில் குருவிகள் மனிதரோடு பேசும். கூரை எறவாணத்தில் கூடு கட்டிக்கொண்டு, வீட்டுக்காரரோடு ஊர்க்கதை பேசும், வம்புக்கும் நிற்கும். மருதங்குளத்தில் அன்னக்காமு என்ற குடியானவள் வீட்டிலும் அப்படி ஒரு ஜோடி இருந்தது.

ஒரு சமயம் மூன்று வருஷம் மழை பெய்யவில்லை. அந்தப் பஞ்சத்தில் அன்னக்காமு தன் மூத்த மகளைப் பறிகொடுத்தாள். பஞ்சம் தீர்ந்ததும் ராஜா ஒரு சட்டம் போட்டார். யார் எவ்வளவு நெல் விளைவித்தாலும் அரண்மனை வாங்கிக்கொள்ளும், சொன்ன விலை குறையாது என்றார். இனி ஒரு உயிர் பட்டினியால் போகக்கூடாது என்று நினைத்துத்தான் போட்டார்.

ஜனங்கள் விடுவார்களா? வரகு விதைத்த மேட்டுக்காட்டையும் வயலாக்கினார்கள். மாடு மேய்ந்த தரையையும் உழுதார்கள். சட்டம் போட்ட நாலாம் வருஷம் அரண்மனைக் களஞ்சியம் நிரம்பி, கோயில் மண்டபம் நிரம்பி, யானைக்கொட்டடி வரைக்கும் நெல் கொட்டிக் கிடந்தது. ராஜாவால் வாங்கி மாளவில்லை. சந்தையில் நெல்லைச் சீந்த ஆளில்லை.

அறுவடை முடிந்து, கதிர்க்கட்டுகளைக் களத்தில் போராக அடுக்கியிருந்த ஒரு காலையில், மணியக்காரர் திருமேனி இரண்டு சேவகர்களோடு வந்தார். ராஜாவின் ஓலையைப் பிரித்து வாசித்தார். அன்னக்காமுவுக்குத் தன் காதில்தான் கோளாறோ என்று தோன்றியது.

"பாதியை எடுக்கணும்னா சொன்னீங்க ஐயா?"

"எடுக்க இல்லம்மா. எரிக்கணும்."

"எதை?"

"நெல்லைத்தான். நெல்லு குறைஞ்சா விலை ஏறும். எரிச்சதுக்கு அரண்மனை ஈடு கொடுக்கும். உங்க நல்லதுக்குத்தான்."

"சோத்தையா? சோத்தையா எரிக்கச் சொல்றாரு?"

சுற்றி நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்தாள். ஈடு கிடைக்குமே என்று சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓலையைவிட அதுதான் அவளை அதிர வைத்தது.

"நான் வாசிக்கிறவன்தாம்மா, எழுதினவன் இல்லை" என்றார் மணியக்காரர்.

கூட்டில் பெண் குருவி முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. ஆண் குருவி மட்டும் களத்துக்குப் பறந்து வந்தது.

"அக்கா, நெருப்பா வைக்கப்போறாங்க? உன் மக கஞ்சி கேட்டப்ப நாலு மணி நெல்லுக்காக நானும் ஏழு ஊர் அலைஞ்சேனே! கிடைக்கலையே அக்கா!"

அவள் பதில் சொல்வதற்குள் சேவகன் பந்தத்தை வைத்துவிட்டான். காய்ந்த நெல்தாள், குப்பென்று பிடித்தது. நெல் படபடவென்று பொரிந்தது. பொரி வாசம் ஊரெல்லாம் பரவியது. வயிற்றைக் கிள்ளுகிற வாசம். அன்னக்காமு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

குருவி புகைக்குள் பாய்ந்தது.

"ஐயோ, வேண்டாம்டா!"

எங்கும் புகை. பிறகு அலகில் ஒரே ஒரு கதிரைக் கவ்விக்கொண்டு குருவி வெளியே வந்து அவள் காலடியில் விழுந்தது. அலகின் அடியிலிருந்து நெஞ்சு வரை கரிந்து கறுத்திருந்தது.

"ஏதாவது பேசுடா" என்று கெஞ்சினாள்.

"கீச்" என்றது. அவ்வளவுதான்.

அவள் குருவியையும் கதிரையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள். தலையைக் குனிந்தவர்களும், ஓலையோடு மணியக்காரரும் பின்னாலேயே போனார்கள்.

ராஜா நடந்ததைக் கேட்டுவிட்டுக் குருவியைப் பார்த்தார். "உன்னை யார் தீயில் குதிக்கச் சொன்னது?"

"கீச்."

மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே சத்தம்.

"பேசுற குருவிதான் மகாராஜா, இனிப் பேசாது" என்றாள் அன்னக்காமு. "அதுக்குப் பதிலா நான் கேக்கறேன். விளையாத வருஷம் எம்பிள்ளை செத்தா. விளைஞ்ச வருஷம் நெல்லைக் கொளுத்தச் சொல்றீங்க. நாளைக்கு மழை பெய்யலைன்னா இந்தச் சாம்பலையா கரைச்சுக் குடிக்கிறது?"

"நெல்லைக் குறைக்கச் சொன்னேன். இப்படி இருக்கும் என்று…" என்று தொடங்கிய ராஜா எழுந்து வந்தார். தன் கையாலேயே அந்த ஓலையைக் கிழித்தார். மிஞ்சுகிற நெல்லை ஊருக்கு ஊர் களஞ்சியம் கட்டிச் சேர்க்க வேண்டும், மழை பொய்த்த வருஷம் அதைத் திறக்க வேண்டும், வரகுக்கும் தினைக்கும்கூட நியாய விலை உண்டு என்று புதுச் சட்டம் எழுதினார். சேதி சொல்ல நாலா திக்கும் குதிரைகள் ஓடின. ஆனால் அதற்குள் பதினேழு ஊர்க் களங்கள் எரிந்து அடங்கியிருந்தன.

அன்னக்காமு வீடு திரும்பியதும் அந்தக் கதிரை வாசல் நிலையில் கட்டித் தொங்கவிட்டாள். குருவி வலியோடு ஒரு மணியைக் கொத்தி விழுங்கிற்று. பார்த்திருந்த பக்கத்து வீட்டார் தங்கள் வாசலிலும் ஒரு கொத்து கட்டினார்கள்.

ஆண் குருவிக்குத் தொண்டை கறுத்திருப்பதும், பெண் குருவிக்கு அது இல்லாததும், குருவிகள் பேச்சை விட்டுக் கீச் என்று மட்டும் கத்துவதும், அறுத்த நெல்லில் ஒரு மணிகூட வீட்டுக்குள் போகும் முன்னே முதல் கதிர்க்கொத்தைக் குருவிக்கென்று வாசலில் கட்டுவதும், எல்லாம் அன்று முதல்தான்.